இணைப்புகளைச் சேர்க்காதே, திறந்து பார்

அயனாவரம், சென்னை.

அன்புள்ள மலருக்கு,

இங்கு அனைவரும் நலம். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ‘இலவசப் பாடக் கருவிகள்’ இணைப்புகளையெல்லாம் சேமித்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அவற்றில் எத்தனையைத் திறந்து பார்த்தாய்? கிரெடிட் கார்டு எண் கேட்கிற தளத்தை உடனே மூடிவிடு. அது இலவசம் இல்லை.

ஏழாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்தப் போகிறாய் அல்லவா? அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ தளத்துக்குப் போ. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. திரையில் மின்கலம், பல்பு, கம்பி மூன்றையும் இழுத்துச் சேர்த்தால் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஓடும், பல்பு எரியும். மின்கலத்தின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடித்துக்கொள்ளும். உன் பிள்ளைகள் முதலில் அதைத்தான் செய்வார்கள். தடுக்காதே, ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று நீ தனியாக விளக்க வேண்டியிருக்காது. பல பயிற்சிகளுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பதிவிறக்கிப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால், உன் மலைப் பள்ளியில் சிக்னல் இல்லாத நாளிலும் ஓடும்.

அதற்காகத் திரையோடு நிறுத்திவிடாதே. நான் ரிச்சி தெருவில் பொறுக்கி வாங்கிய டார்ச் பல்புகள் இன்னும் டப்பாவில் இருக்கின்றன. அனுப்புகிறேன். கம்பியைச் சரியாகச் சுரண்டாவிட்டால் பல்பு எரியாது என்பதைக் கணினி சொல்லித் தராது.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ கதைத் தளம் போதும். தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் உரிம விவரத்தையும் போட்டுவிட்டு அச்செடுத்துக் கொடுக்கலாம், மாற்றியும் எழுதலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அதற்கு இடம் தருகிறது. கூகுளில் அகப்படும் படங்களுக்கெல்லாம் அந்த அனுமதி கிடையாது. இதை உங்கள் தலைமையாசிரியருக்கும் பக்குவமாகச் சொல். ஆண்டுவிழா மலரில் யாருடைய படத்தையோ போட்டுவிட்டு விழிக்கக் கூடாது.

உங்கள் தமிழாசிரியை பழைய நூல்கள் கேட்டார் என்றாயே. 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்ற இணையத் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் பலவற்றைத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அச்சில் இல்லாத பழைய பதிப்பு வேண்டுமென்றால், கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடச் சொல். அங்கே தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நூலாசிரியர் பெயரின் முதலெழுத்தை மாற்றிப் போட்டும் பார்க்கட்டும்.

தம்பி இப்போது ஐஐடியின் ‘என்பிடெல்’ இணையப் பாடங்களைக் கேட்கிறான். கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். அதற்குப் பணம் தர அப்பா இன்னும் மனம் இரங்கவில்லை.

அடுத்த வாரம் சித்தப்பா அந்தப் பக்கம் வருகிறார். பல்பு டப்பாவோடு ஒரு பென் டிரைவையும் கொடுத்தனுப்புகிறேன். எட்டாம் வகுப்புக்கு எந்தப் பாடம் முதலில் வருகிறது என்று அதற்குள் சொல். அதற்கானதையும் சேர்த்து ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா