மாலையில் காத்திருந்த செருப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வறுமையை உணர்வதற்காக ஒரு நாள் முழுவதும் வெறுங்காலுடன் நடந்த மாணவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் காலணி நிறுவனமான டாம்ஸ் 2008இல் 'காலணி இல்லாத ஒரு நாள்' என்று தொடங்கிய இயக்கத்தையொட்டி இப்படிப்பட்ட நடைகள் பல இடங்களில் நடந்திருக்கின்றன. நான் பணியாற்றிய பள்ளியிலும் ஒருமுறை நடத்தினோம். பிள்ளைகளோடு நானும் நடந்தேன்.

முதல் அரை மணி நேரம் விளையாட்டாகத்தான் போனது. வெயில் ஏறியதும் தார்ச்சாலை கொதித்தது, சரளைக்கல் குதிகாலில் குத்தியது. உடனே நிழலைத் தேடி ஓடினோம். கல் நிறைந்த பாதையை விட்டுவிட்டு மண் பாதையில் திரும்பினோம். மாலையில் வெந்நீரில் கால் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டியபோது வந்த நிம்மதி இருக்கிறதே, அந்த நாளில் என் மனத்தில் ஆழப் பதிந்தது அதுதான். செருப்பு வாங்க வழியில்லாதவருக்கு அந்த நிம்மதி வருவதே இல்லை. வேலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அவருடைய பாதை. கல் குத்துகிறது என்று அவரால் திரும்பிவிட முடியாது.

அன்று காலை எல்லாரும் செருப்பைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்தார்கள். ஒரு பையன் மட்டும் கடைசிவரை தயங்கி நின்று, தன் செருப்பை மற்றச் செருப்புகளுக்கு அடியில் செருகிவிட்டுப் போனான். வார் அறுந்த இடத்தில் ஊக்குக் குத்தியிருந்தது. குதிகால் பக்கம் தேய்ந்து தாள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மாலையில் 'இன்று நான் உணர்ந்தது' என்று எல்லாரும் ஒரு பக்கம் எழுத வேண்டும். அவன் தாளை வெறுமையாகவே நீட்டினான். "எழுத ஒன்றும் இல்லை, டீச்சர்" என்றான். யாருக்காக இதை நடத்துகிறோம் என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் எழுந்தது. வெறுங்கால் என்றால் என்னவென்று அந்த வகுப்பில் அறிந்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவனிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை.

காலில் சூடு படுவதும் கல் குத்துவதும் வறுமையின் மேல்தோல் மட்டுமே. உள்ளே நடப்பது ஒரு நாளில் தெரியாது. கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை இல்லாத இடங்களில் மலத்தோடு மண்ணில் விழும் முட்டைகள், ஈரமும் வெப்பமும் இருந்தால் பொரிந்துவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத இளம்புழு பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. அங்கே கடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடிக்கிறது. தோல் வழியாக இது நுழைவதை 1898இல் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். ஆய்வின்போது புழுக்கள் இருந்த நீர் தற்செயலாக அவர் கையிலேயே சிந்தியதுதான் அதற்குத் தொடக்கம். இதனால் இரத்தசோகை வந்த பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறது, பாடம் தலையில் ஏறுவதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகளைச் சோம்பேறிகள் என்றே ஊரார் பழித்து வந்தார்கள். 1909இல் பெருஞ்செல்வந்தர் ராக்ஃபெல்லரின் நிதியில் அமைந்த ஆணையம் அங்கே கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கிய பிறகுதான், அந்தச் சோர்வுக்குப் பின்னால் இந்த நோய் இருப்பது பரவலாகத் தெரியவந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தூங்கி விழுந்த எத்தனையோ பிள்ளைகளை நானும் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

எத்தியோப்பியாவின் மேட்டுநிலங்களில் எரிமலைப் பாறையிலிருந்து உண்டான செம்மண்ணில் ஆண்டுக்கணக்கில் வெறுங்காலுடன் நடப்பவர்களுக்குக் கால் யானைக்கால் போல வீங்குகிறது. போடோகோனியோசிஸ் என்ற இந்த நோய்க்குக் கொசுவோ புழுவோ காரணமில்லை, மண்தான் காரணம். சிறு வயதிலிருந்தே காலணி அணிந்து, காலைக் கழுவி வந்தால் இதைத் தடுத்துவிடலாம்.

இப்படி நடை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். எங்களோடு நடந்த சக ஆசிரியர் ஒருவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. முள் ஏறியிருந்தது மாலையில் கால் கழுவும்போதுதான் அவருக்கே தெரிந்தது. அந்தப் புண் ஆறப் பல வாரங்கள் ஆயின.

நடந்து முடித்த கையோடு காலணி திரட்டுவதாகக் கட்டுரையில் இருந்தது. நல்ல காரியம். ஆனால் பெட்டியில் குவிவதை அப்படியே அள்ளிக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வளரும் பிள்ளையின் கால் சில மாதங்களிலேயே செருப்பைத் தாண்டிவிடும். கடிக்கும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிள்ளை மறுபடி வெறுங்காலுடன்தான் நடக்கும். அளவு எடுத்துக் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். குடற்புழு மாத்திரையும் சுத்தமான கழிப்பறையும் இல்லாமல் காலணி மட்டும் போதாது என்பதையும் அந்த மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மறுநாள் மற்றவர்கள் போன பிறகு அந்தப் பையனை அழைத்து, பழைய தாளில் கால் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிவரைந்தேன். பக்கத்திலேயே அவன் செருப்பையும் வைத்து வரைந்தேன். பாதத்தின் கோடு செருப்பின் கோட்டை இரண்டு விரற்கடை தாண்டி நின்றது. அவன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கும் அளவு எடுப்பீர்களா, டீச்சர்?" என்று கேட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை