படப்பிடிப்பில் பத்து நிமிடம், கணினியில் ஒன்பது நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திரைவிமர்சனப் பக்கத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கிராஃபிக்ஸ் ஆடம்பரம் ஏதுமின்றி இயல்பாக எடுக்கப்பட்ட படம் என்ற பாராட்டு அதில் அவ்வப்போது இடம்பெறுவதுண்டு. அப்படிப் பாராட்டப்பட்ட படங்கள் சிலவற்றில் வேலை செய்தவன் என்ற முறையில், அந்த இயல்புக்கு யார் எவ்வளவு செலவிட்டார்கள் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்பி இதை எழுதுகிறேன்.

நான் 14 ஆண்டுகளாக சென்னையில் விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையில் பெயின்ட் கலைஞனாக இருக்கிறேன். பறக்கும் நாகமும் இடிந்து விழும் கோட்டையும் என் மேசைக்கு வருவதில்லை. சட்டகத்தின் மேல் விளிம்பில் எட்டிப் பார்க்கும், நீண்ட கழியில் கட்டிய பூம் மைக், காரின் கண்ணாடியில் தெரியும் ஒப்பனை உதவியாளர், சண்டைக் கலைஞரைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி, 1970களில் நடக்கும் கதையில் வயலுக்கு அப்பால் நிற்கும் செல்போன் கோபுரம் ஆகியவையே வரும். இவற்றை அழித்து, அழித்த இடத்தில் முன்பே இருந்திருக்க வேண்டிய சுவரையோ வானத்தையோ வரைந்து வைப்பது எங்கள் வேலை. க்ளீன் அப் என்பார்கள். சரியாகச் செய்துவிட்டால் செய்ததே தெரியாது என்பதால், கிராஃபிக்ஸ் இல்லாத படம் என்ற நற்பெயர் இயக்குநருக்குப் போய்ச் சேரும். அதில் எனக்கு வருத்தமில்லை. படப்பிடிப்புத் தளத்தில் ‘விடுங்க சார், சிஜியில பாத்துக்கலாம்’ என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் அடுத்த ஷாட்டுக்கு நகர்ந்துவிடுகிறார்களே, அந்த ஒரு வாக்கியத்தின் விலை அங்கிருக்கும் யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். படத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். பழைய காலக் கதை. நாயகி தலைவிரி கோலமாகத் தெருவில் ஓடிவருகிறாள். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒளிப்பதிவாளர் பின்னோக்கி நடக்கிறார். அவள் கடந்து வரும் வீட்டுச் சுவரில் ஒரு டிஷ் ஆன்டெனா. ஷாட்டின் நீளம் 7 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள் என்றால் 168 ஃபிரேம். அந்த டிஷ்ஷை நானும், உருவங்களைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் இரண்டு ரோட்டோ கலைஞர்களும் சேர்ந்து அழித்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. படப்பிடிப்பன்று வீட்டுக்காரரிடம் கேட்டுக் கழற்றியிருந்தாலோ, அதன் மேல் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்திருந்தாலோ பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஏன் ஒன்பது நாள் என்று கேட்கலாம். அசையாத கேமராவில் அசையாத பொருள் என்றால் ஒரே ஒரு ஃபிரேமைச் சரிசெய்து மற்றவற்றின் மேல் ஒட்டிவிடலாம். அரை நாள் வேலை. கேமரா கையில் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் கோணம் மாறும், குலுக்கலில் பொருள்கள் இழுபட்டு மங்கும், ஃபோகஸ் நகரும். எனவே முதலில் கேமராவின் அசைவைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். பிறகு, ஓடிவருபவளின் கூந்தல் அந்த டிஷ்ஷின் முன்னால் பறக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும், மயிரிழை இழையாக அவளைப் பின்னணியிலிருந்து பிரித்தாக வேண்டும். இதுதான் ரோட்டோ. 1917இல் அமெரிக்க அனிமேஷன் கலைஞர் மேக்ஸ் ஃபிளைஷர் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் என்ற கருவியின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அவர் கண்ணாடியில் விழுந்த பிம்பத்தின் மேல் பென்சிலால் கோடு இழுத்தார், நாங்கள் திரையில் இழுக்கிறோம் என்பதைத் தவிர, பொறுமையின் அளவு பெரிதாகக் குறைந்துவிடவில்லை. கடைசியாக, வரைந்த சுவருக்கும் மூலப் படத்தில் இயல்பாகவே தெரியும் நுண்ணிய புள்ளித் துகள்கள் படிய வேண்டும். இல்லாவிட்டால் பெரிய திரையில் அந்த இடம் மட்டும் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாகத் தெரியும். நடிகர்கள் விலகிய பிறகு அதே தெருவை அதே வெளிச்சத்தில் ஒருமுறை வெறுமையாக எடுத்துத் தந்திருந்தால், அதை க்ளீன் பிளேட் என்போம், எங்கள் வேலையில் பாதி குறைந்திருக்கும். அதைக் கேட்பதற்குக்கூட அங்கே எங்கள் ஆள் ஒருவரும் இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2019 மே மாதம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் விருந்து மேசை மீது மறந்து வைக்கப்பட்ட காபிக் கோப்பையைக் கண்டு உலகமே சிரித்தது. ஓரிரு நாள்களில் அதை அழித்துப் புதிய பிரதியை ஏற்றிவிட்டார்கள். அதைப் பார்த்தவர்கள், எதையும் அப்படி அழித்துவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2017இல் வெளியான ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்துக்கு நேர்ந்தது வேறு. மறுபடப்பிடிப்பின்போது நடிகர் ஹென்றி கவில் வேறொரு நிறுவனத்தின் படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதை மழிக்க அந்த நிறுவனம் சம்மதிக்கவில்லை. மீசையைக் கணினியில் எடுத்தார்கள். பெரும் பணமும் திறமைமிக்க கலைஞர்களும் இருந்தும் மேலுதடு உயிரற்றுப் போய், படத்தின் கேலிப்பொருளாகவே அது நிலைத்துவிட்டது. கோப்பை மேசையில் சும்மா இருக்கும் பொருள். மனிதன் பேசுவதும் சிரிப்பதும் மேலுதட்டில் நிகழ்கின்றன. அங்கே ஒரு சுருக்கம் பிசகினாலும் பார்ப்பவரின் கண் அதைக் கண்டுகொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத் தளத்திலேயே தவிர்க்க ஒரு காசுகூடச் செலவில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது, ஒவ்வொரு ஃபிரேமிலும் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழும் என்பதைத் தீர்மானிக்கும் ஷட்டரை வழக்கமான 180 டிகிரியில் வைத்தால் ஒரு ஃபிரேம் 1/48 விநாடி வெளிச்சம் பெறும். அதற்குள் இந்தத் துடிப்பு முழு எண்ணிக்கையில் அடங்காததால் படம் மினுங்கும். ஷட்டரை 172.8 டிகிரிக்கு மாற்றினால் 1/50 விநாடி. சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கிவிடும். அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர்களுக்கு இது பால பாடம். ஆனாலும் கடைவீதியில் அவசரமாக எடுத்த காட்சிகள் மினுங்கிக்கொண்டே எங்களிடம் வருகின்றன. பல கடைகளின் விளக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் துடிப்பதால், ஒவ்வொரு கடையையும் தனித்தனியாகப் பிரித்துச் சமன் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த வேலையே கூடாது என்று நான் சொன்னால் அது என் சோற்றில் நானே மண் போட்டுக்கொள்வதாகும். 1999இல் ‘கிளாடியேட்டர்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது நடிகர் ஆலிவர் ரீட் மால்டாவில் இறந்துபோனார். முன்பே எடுத்திருந்த அவர் முகத்தை மாற்று நடிகரின் உடலில் பொருத்தி எஞ்சிய காட்சிகளை முடித்தார்கள். அது தவிர்க்க முடியாத இழப்புக்குச் செய்யப்பட்ட ஈடு. கம்பிகளை அழிக்க முடியும் என்பதால்தான் இன்று சண்டைக் கலைஞர்களுக்கு, கேமராவுக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலையின்றித் தடித்த, உறுதியான கம்பிகளைக் கட்ட முடிகிறது. அந்தக் கம்பிகளை எத்தனை ஆயிரம் ஃபிரேமில் வேண்டுமானாலும் அழிக்கத் தயார். கழற்ற மறந்த டிஷ்ஷை அந்த வரிசையில் சேர்க்க மனம் ஒப்பவில்லை.

பணத்தைப் பற்றி. ஷாட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடித்த பிறகே முழுக் காட்சிகளும் எங்களிடம் வருகின்றன. புதிதாக முளைக்கும் திருத்தங்களுக்குக் கூடுதல் தொகை கேட்டால், வெளியீட்டுத் தேதி அறிவித்தாயிற்று என்ற பதில் வரும். அந்த இடைவெளியை நிரப்புவது எங்கள் இரவுகளும் ஞாயிற்றுக்கிழமைகளும். இப்போது ஏஐ செய்துவிடும் என்ற பேச்சும் சேர்ந்திருக்கிறது. உருவத்தைப் பிரிக்கும் புதிய கருவிகளை நாங்களும் பயன்படுத்துகிறோம். தோளும் முதுகும் விரைவாக முடிகின்றன. பறக்கும் கூந்தலில் அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் தடுமாறுகின்றன, அதைக் கையால்தான் திருத்துகிறோம்.

கிராஃபிக்ஸ் அதிகம் இல்லாத படம் என்று ஒதுக்காமல், எல்லாப் படப்பிடிப்புகளிலும் விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் ஒருவரைத் தளத்தில் நிறுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்களைத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது நாளையும் பத்து நிமிடத்தையும் ஒப்பிட்டு அந்த இடத்திலேயே சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். தங்கள் விமர்சகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்தமுறை இயல்பான படம் ஒன்றைப் பாராட்டும்போது, எத்தனை ஷாட்டுகளில் க்ளீன் அப் நடந்தது என்று இயக்குநரிடம் கேட்டு, அந்த எண்ணையும் விமர்சனத்தில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயின்ட் கலைஞர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை.