பீன்யா முதலாளிகளுக்கு ஒரு டிராஃப்ட்ஸ்மேனின் மடல்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஷீட் மெட்டல், எஸ்.பி.எம். (தனித் தேவைக்கென்று செய்யும் மெஷின்) வேலை எடுத்துச் செய்யும் முதலாளிகளுக்கும் டிசைன் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வந்து உங்கள் டிசைன் ரூம்களில் உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவன். உங்களில் சிலர், டிராயிங் ஃபைல்களையும் ரிவிஷன்களையும் ஒழுங்காக வைத்திருக்கும் சாஃப்ட்வேர்களான ஆட்டோடெஸ்க் வால்ட்டுக்கும் சாலிட்வொர்க்ஸ் பி.டி.எம்.முக்கும் கொட்டேஷன் கேட்டிருப்பது தெரியும். தாராளமாக வாங்குங்கள். வாங்கும்போது, அதற்குள் என்ன விதி எழுதுவது என்பதை எங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்குத்தான் இந்த மடல்.

ஒரு பிராக்கெட்டின் தகடு 2 மி.மீ.யிலிருந்து 2.5 மி.மீ. ஆகிறது என்று வையுங்கள். மாடலில் மாற்ற ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் பாடு. டிராயிங்கைத் திறந்து அதன் மூலையில் இருக்கும் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில் ரிவிஷன், தேதி, பெயர் அடிக்க வேண்டும். பி.டி.எஃப். எடுக்க வேண்டும். தகட்டை விரித்து டி.எக்ஸ்.எஃப். (லேசரில் வெட்டக் கொடுக்கும் ஃபைல்) எடுக்க வேண்டும். பழையதை ஒதுக்கி வைத்துவிட்டு, எக்செல்லில் பி.ஓ.எம். (பொருள் பட்டியல்) திருத்த வேண்டும். அவசரத்தில் டி.எக்ஸ்.எஃப். மட்டும் விட்டுப்போனால், லேசர் கடைக்கு வாட்ஸ்அப்பில் போவது பழைய ஃபைல். தடிமன் மாறினால் வளைவுக்குக் கழிக்கும் அளவு மாறும், விரித்த நீளமும் மாறும். தகடு வளைக்கும் மெஷினான பிரஸ் பிரேக்கில் வளைத்து, போல்ட் போடப் போகும்போதுதான் துளை சேரவில்லை என்று தெரியவரும். அப்போது திட்டு யாருக்கு விழும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வேலையில் பெரும்பகுதியை மெஷினே செய்யும். வால்ட்டின் புரொஃபஷனல் பதிப்பில் ஜாப் பிராசஸர் என்று ஒன்று இருக்கிறது. டிராயிங்கை 'ரிலீஸ்டு' நிலைக்கு மாற்றியதும் வேலை வரிசையில் சேரும். இன்வென்டர் (மாடலும் டிராயிங்கும் வரையும் சாஃப்ட்வேர்) போட்ட தனிக் கம்ப்யூட்டர் ஒன்று அதை எடுத்து டைட்டில் பிளாக்கை நிரப்பி, பி.டி.எஃப். போட்டு வைக்கும். டி.எக்ஸ்.எஃப். மட்டும் அப்படி வந்துவிடாது, அதற்குத் தனியாக புரோகிராம் எழுத வேண்டும். டெமோவில் இதைச் சொல்ல மாட்டார்கள். நீங்களாகக் கேளுங்கள்.

அதைவிட முக்கியமான சங்கதி மெட்டீரியல் பெயர். ஒரே தகட்டை ஒருவர் 'எம்.எஸ்.' என்று எழுதுகிறார், இன்னொருவர் 'மைல்டு ஸ்டீல்' என்கிறார், மூன்றாமவர் 'ஐ.எஸ். 2062' என்கிறார். கண்ணால் பார்ப்பவருக்குப் புரியும், சாஃப்ட்வேருக்கு அவை மூன்று மெட்டீரியல். பி.ஓ.எம்.மில் மூன்று வரியாக வந்து நிற்கும், பர்ச்சேஸில் இருப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பார்ட் நம்பருக்கும் இதே கதிதான். சாஃப்ட்வேர் வருவதற்கு முன்பே இவற்றுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டு, அதிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்று பூட்டிவிட வேண்டும். எந்தப் பெயர் எங்கே எப்படிக் கெட்டிருக்கிறது என்று விற்க வருபவருக்குத் தெரியாது, ஐ.டி. பையனுக்கும் தெரியாது. தினமும் அந்த ஃபைல்களோடு மல்லுக்கட்டும் எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது லாகின். லைசென்ஸ் காசை மிச்சம் பிடிக்க டிசைன் ரூம் முழுவதற்கும் ஒரே லாகின் வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பி.டி.எம்.மில் ஒப்புதல் கொடுத்தவரின் பெயரும் தேதியும் தானாக டைட்டில் பிளாக்குக்குப் போகும்படி வைக்கலாம். லாகின் பொதுவாக இருந்தால், 'செக்டு பை' கட்டத்தில் ஏறும் பெயருக்கு என்ன அர்த்தம்? யார் பார்த்தார், பார்த்தாரா இல்லையா என்பதே தெரியாது. பேனாவால் கையெழுத்துப் போட்ட காலத்தில், போடுவதற்கு முன்னால் ஒரு நொடியாவது ஷீட்டைப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு லாகின் கொடுங்கள். வரைந்தவரே ஒப்புதல் கொடுக்க முடியாதபடி பூட்டுங்கள்.

மெஷின் போட்டுத் தரும் பி.டி.எஃப்., சரிபார்த்த டிராயிங் ஆகிவிடாது. வளைவுக்கு மிக அருகில் துளை இருந்தால் வளைக்கும்போது அது இழுபட்டு முட்டை வடிவமாகும். டைட்டில் பிளாக்கை நிரப்பும் ஜாப் அதைக் கண்டுபிடிக்காது. மிச்சமாகும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். 'இனி இரண்டு பேர் போதுமே' என்று கணக்குப் போட்டால், துளையைப் பார்க்க ஆள் இருக்காது.

ஜாப் பிராசஸர் ஓடும் கம்ப்யூட்டரை யாரும் பார்க்காத மூலையில் தள்ளிவிடாதீர்கள். யு.பி.எஸ். வையுங்கள். ஒரு ஜாப் எரர் அடித்து நின்றால் பழைய பி.டி.எஃப்.தான் எல்லோர் கைக்கும் போகும். காலையில் வந்ததும் வரிசையைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அடிக்கடி ரிவிஷன் வரும் ஒரு புராடக்டை மட்டும் எடுங்கள். அதில் டைட்டில் பிளாக்கும் பி.டி.எஃப்.பும் ஒழுங்காக வரட்டும், டி.எக்ஸ்.எஃப்.ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை டெமோவுக்கு ஆள் வரும்போது, அந்த புராடக்டின் ஃபைல்களையே கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த அறையில் எங்களில் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
பீன்யாவில் வேலை பார்க்கும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன்