மசாஜ் மெஷினை இன்னும் பிரிக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

என் இடது தோள் வலிக்கென்று நீ அனுப்பிய மசாஜ் மெஷின் வந்து சேர்ந்தது. இன்னும் பிரிக்கவில்லை, கோபிக்காதே. நான் போகும் பிசியோதெரபி பெண் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டாள். "அங்கே போனாலும் பிடித்துத்தானே விடுவார்கள்?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று ஓடிவிடுவாய்.

முதல் நாள் அவள் ரொம்ப நேரம் என் தோளைத் தொடவே இல்லை. சர்க்கரை எவ்வளவு, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், எந்த வேலை முடியவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தலை பின்ன வரவில்லை, முதுகு தேய்க்க வரவில்லை, பரணில் டப்பா எட்டவில்லை என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். டாக்டரிடம் 'வலிக்கிறது' என்பதற்கு மேல் நான் எதுவும் சொன்னதில்லை.

அப்புறம் முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாள். வலது கை நன்றாகத் திரும்பியது. இடது கை கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. அவளே பிடித்து மெல்லத் திருப்பியும் அதே இடத்தில்தான் நின்றது. தசைநார் கிழிந்திருந்தால் நம்மால் தூக்க முடியாதாம், ஆனால் அடுத்தவர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் போகுமாம். யார் திருப்பினாலும் போகவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்றால் ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும், சர்க்கரை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எதிர்வீட்டு மாமி சுளுக்கு எடுப்பவரிடம் கூப்பிட்டார், ஒரே இழுப்பில் சரியாகிவிடுமாம். சுருங்கிப்போன உறையை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

பிசியோ பெண் நாலரை வருஷம் படித்தவள், அதில் கடைசி ஆறு மாதம் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி. இந்தப் படிப்பே 1950களில் மும்பையில், போலியோ பரவிய காலத்தில்தான் நம் நாட்டில் தொடங்கியதாம். பக்கவாத நோயாளிகளோடு கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறாள். "உங்கள் கையை நானே தூக்கிவிட்டால் எனக்குத்தான் எக்சர்சைஸ், அம்மா" என்று சிரித்தாள்.

அதனால் வேலை எல்லாம் என் தலையில். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவேன். சுவரில் விரலால் ஏறுவேன். முதுகுக்குப் பின்னால் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் மேலே இழுப்பேன். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால் அன்று அதிகமாகிவிட்டது, மறுநாள் குறைக்க வேண்டும். இது தானாகவே இளகும், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பத்து நாளில் குணம் என்று சொல்லாததாலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

இப்போது சீப்பு காது வரை போகிறது. பின்னல் போட இன்னும் உன் அப்பாதான். அந்தப் பின்னலைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

ஆபரேஷன், ஊசி என்று நெட்டில் தேடிக்கொண்டிருக்காதே. தேவைப்பட்டால் அவளே டாக்டரிடம் அனுப்புவாள். பொங்கலுக்கு வரும்போது சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் மட்டும் இரண்டு பெட்டி வாங்கி வா.

அன்புடன்,
அம்மா