அந்தக் குச்சியைப் பிடுங்காதே மகள்

அன்புள்ள மகள்,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பனி கரைந்து சேறாகக் கிடக்கிற வேலி மூலையில் சாம்பல் நிறத்தில் நாலு குச்சி, கீழே "கோஜி செத்துப் போச்சுப்பா, சனிக்கிழமை பிடுங்கிப் போடப் போறேன்" என்று ஒரு வரி. வட்ஸ்அப்பிலேயே பதில் எழுதத் தொடங்கினேன், கட்டை விரல் வலித்ததுதான் மிச்சம். "ஒழுங்கா உட்கார்ந்து எழுதுங்களேன்" என்று அம்மா சொன்னார். சரி என்று காலையிலேயே கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன், புத்தாண்டுக்குச் சுட்ட முறுக்கு நாலைந்து பக்கத்தில் இருக்கிறது. முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: பிடுங்காதே.

கோஜி, சின்னச் சிவப்புப் பழம் காய்க்கிற இந்தப் புதர், குளிர்காலத்தில் இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிற செடி. சீனாவில் மஞ்சள் நதி ஓடுகிற நிங்சியாவில்தான் இதைப் பெரிய அளவில் போடுகிறார்கள், அங்கேயும் குளிர் சும்மா இல்லை. மண்ணில் வேர் பிடித்த செடி மைனஸ் 20க்குக் கீழேயும் தாங்கும். உங்கள் ஒட்டாவாவில் ஏப்ரல் நடுவில் அது பச்சை காட்டாமல் இருப்பது அதிசயமே இல்லை. சந்தேகம் என்றால் குச்சியின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்து கிடந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டு, அங்கேயும் இல்லை என்றால் அடியில் பார். மேலே எல்லாம் கருகிப் போயிருந்தாலும் வேரில் இருந்து புதுக் கிளை கிளம்பக்கூடிய சாதி இது. மே மாதக் கடைசி வரைக்கும் பொறு, அப்போதும் ஒன்றும் வராவிட்டால் நானே பிடுங்கச் சொல்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, நாங்கள் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது உனக்கு ஐந்து வயது. பங்களாவுக்கு மேலே ஒரு மலை முழுக்கத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டார்கள், புதுத் தளிர் வரக் கிளையை எல்லாம் ஒட்ட வெட்டுவது. முதல் நாள் வரைக்கும் பச்சைப் பாயாக இருந்த இடம், மறுநாள் வெறும் குச்சிக் காடு. "செடியை எல்லாம் கொன்னுட்டாங்க" என்று நீ அழுது அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, தளிர் வந்துவிட்டது வா பார்க்கலாம் என்று உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன், நீ செடியைப் பார்க்கவில்லை, அட்டை கடித்துவிடும் என்று என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

கவ்வாத்து என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. போன ஒக்டோபரில் நீ கோஜியை "ஷேப்பாக" வெட்டிவிட்டேன் என்று படம் போட்டாயே, அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லை, ஆசையாகச் செய்த பிள்ளையை ஏன் குறை சொல்ல என்று விட்டுவிட்டேன். குளிர் தொடங்கும் நேரத்தில் வெட்டக்கூடாது. வெட்டினால் சில நேரம் பிஞ்சுத் தளிர் விடப் பார்க்கும், அது அப்படியே உறைந்து கருகும், வெட்டிய காயமும் ஆறாமல் கிடக்கும். குளிர்காலம் முடிந்து மொட்டு வீங்குவதற்கு முன்னால் வெட்ட வேண்டும், உங்கள் ஊருக்கு அது இப்போதுதான். பழம் பெரும்பாலும் அந்த வருஷத்துப் புதுக் கிளையில்தான் வரும், அதனால் வெட்டினால் காய்ப்பு போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. உயிருள்ளதில் தடித்த ஒன்றைத் தாய்த் தண்டாக வைத்து ஒரு கம்பில் கட்டு, ஆள் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளைகள் குடை மாதிரிக் கவிழ்ந்து தொங்கும். விட்டால் எட்டு ஒன்பது அடிக்கு வளைந்து தரையைத் தொட்டு, தொட்ட இடத்தில் வேர்விட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் புல்லுக்குள்ளும் முளைக்கும். அடியில் இருந்து வருகிற கன்றுகளை அவ்வப்போது எடுத்துவிடு. ஊர் ஊராக வேலியில் பரவியதெல்லாம் இப்படித்தான்.

பரவியது என்றதும் ஒரு கதை. இங்கிலாந்தில் இந்தச் செடிக்குப் பழைய பெயர் ஆர்கைல் கோமகனின் தேயிலை மரம். 1730களில் அந்தக் கோமகனின் தோட்டத்துக்குத் தேயிலைக் கன்றும் இதுவும் வந்தபோது பெயர்ச் சீட்டு மாறிப்போய்விட்டதாம், இதையே தேயிலை என்று நினைத்து வளர்த்தார்கள் என்று சொல்வார்கள். முப்பது வருஷம் தேயிலையோடு காலம் தள்ளியவனுக்கு இதைப் படித்தபோது வந்த சிரிப்பு அம்மாவுக்குப் புரியவே இல்லை.

உண்மையில் இது தேயிலைக்கு உறவே இல்லை, தக்காளி, கத்தரி, மிளகாய் குடும்பம். இன்னும் சரியாகச் சொன்னால் தூதுவளையை நினைத்துக்கொள். வவுனியாவில் அம்மம்மா வீட்டு வேலியில் படர்ந்திருக்குமே, முள்ளும் ஊதாப் பூவும் சிவப்புப் பழமுமாக, இருமல் வந்தால் உனக்கு ரசம் வைத்துத் தருவாரே, அதுவும் இந்தக் குடும்பம்தான். நீ போன ஜூலையில் கோஜியின் ஒற்றைப் பூவைப் படம் எடுத்து அனுப்பியபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து "இது தூதுவளைதானே" என்றார். சீனர்கள் இதன் இளந்தளிரையும் சூப்பில் போட்டுச் சாப்பிடுவார்கள், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து பார், நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

குடும்பம் தெரிந்தால் குணமும் தெரியும். தக்காளிக்குப் பசளை அதிகம் போட்டால் காய்க்காமல் இலையாகத் தள்ளுமே, அதே கதை. போன வருஷம் உன் செடி ஆள் உயரத்துக்கு இலையும் ஒரே ஒரு பூவுமாக நின்றதற்குக் காரணம், புல்லுக்குப் போடுகிற உரத்தை அதற்கும் சேர்த்துப் போட்டதுதான் என்பது என் எண்ணம். அதோடு முதல் வருஷத்தில் பெரிதாகக் காய்க்காது, இரண்டாம் மூன்றாம் வருஷத்தில்தான் தொடங்கும், அதற்குப் பிறகுதான் அள்ளலாம். வசந்தத்தில் ஒரு கை கூட்டுப்பசளை போதும். நல்ல வெயில் வேண்டும். மண் புளிப்பாக இருக்கக் கூடாது, கொஞ்சம் காரத்தன்மை இருந்தால் சந்தோஷப்படும். ஒரு செடி இருந்தாலே காய்க்கும், ஜோடி தேவையில்லை, தேனீ வந்தால் சரி.

எனக்கு உண்மையில் கவலை குளிர் இல்லை, தண்ணீர். ஒட்டாவாவில் நிறைய இடத்தில் அடியில் பழைய கடல் களிமண் என்று நீதான் வீடு வாங்கும்போது சொன்னாய். பனி கரைகிற நேரத்தில் அந்த மூலையில் தண்ணீர் தேங்கி நிற்பது படத்திலேயே தெரிகிறது. குளிரில் சாகாத செடி அதில் அழுகிச் செத்துவிடும். இப்போதைக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரை விலக்கு. தளிர் வருவதற்கு முன்னால், மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், வேரோடு கிளப்பி ஒரு அடி உயரத்தில் மேடு போட்டு அதில் வை. சாடியில் வைக்கலாமா என்று கேட்காதே, சாடிக்குள் வேர் நாலு பக்கமும் உறையும், ஒவ்வொரு குளிருக்கும் கராஜுக்குள் தூக்க வேண்டும், உன் முதுகுக்கு அது சரிவராது. அடுத்த குளிருக்கு முன் அடியில் காய்ந்த இலையைக் குவி, முயல் பட்டையைக் கடிக்காமல் சுற்றிக் கம்பி வலை கட்டு. அசுவணி வந்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளி. பறவைக்கு வலை. அவ்வளவுதான்.

பழம் வந்தால் கையால் நசுக்கிப் பறிக்காதே, தோல் மெல்லியது, நசுங்கினால் கறுத்துவிடும். கீழே ஒரு சேலையை விரித்துக் கிளையை மெதுவாகத் தட்டு. முழுக்கச் சிவந்தது மட்டும் விழட்டும், அரைப்பழம் கசக்கும்.

நானும் இங்கே முயன்று பார்த்தேன் தெரியுமா? நீ அனுப்பிய காய்ந்த பழப் பைக்கற்றில் இருந்து நாலு பழத்தை ஊற வைத்து, விதையை எடுத்து, கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டுப் பல்கனியில் தயிர்ச் சட்டியில் போட்டேன். பத்து நாளில் இருபதுக்கு மேல் முளைத்தது, நூல் நூலாக. நவம்பர் மழையும் புழுக்கமும் சேர்ந்து ஒரே வாரத்தில் அடித்தண்டு கறுத்து எல்லாம் சாய்ந்துவிட்டது. வருஷம் முழுக்க 27, 28 பாகையில் வேகிற ஊரில் அதைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பைக்கற்றைப் பற்றித்தான் உன்னிடம் ஒரு விஷயம் மறைத்துவிட்டேன். தீபாவளிப் பார்சலில் "அடுத்த வருஷம் நம்ம தோட்டத்துப் பழம்" என்று துண்டு எழுதி வைத்திருந்தாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தினமும் ஒரு பிடி வெந்நீரில் ஊற வைத்துக் குடித்தேன், இரண்டு வாரம். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது, பிரஷ் கரடு என்று நினைத்தேன். கிளினிக்கில் இரத்தம் பார்த்தால் ஐ.என்.ஆர் 4.3, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற அளவு அது, கூடினால் இரத்தம் லேசில் நிற்காது. எனக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டொக்டர் துருவித் துருவிக் கேட்டார், பைக்கற்றைக் காட்டினேன். நான் எடுக்கிற வார்ஃபரின், அதுதான் இரத்தம் கட்டிப்படாமல் இருக்கத் தருகிற மாத்திரை, அதை எடுப்பவர்களுக்குக் கோஜி ஆகாதாம், இரத்தத்தை அளவுக்கு மிஞ்சி இளக்கிவிடுமாம், 2001இலேயே இப்படி ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நிறுத்தியதும் இரண்டு வாரத்தில் பழையபடி இறங்கிவிட்டது. நீ பயந்துபோய் அந்தச் செடியை அன்றைக்கே வெட்டிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

அதனால் எனக்குப் பழம் அனுப்ப வேண்டாம், இலையும் வேண்டாம். ஆனால் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சாப்பிடுங்கள், பூத்தால் படம் அனுப்பு, அது போதும். இன்றைக்கே போய்ப் பட்டையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது இந்த 4.3 கதையை அம்மாவுக்கு முன்னால் எடுக்காதே. அவரிடம் 3.1 என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா