மெட்டலைக் கொன்றது நிர்வானா இல்லை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைத் தானே எடுத்துப் படிக்கிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எண்பதுகளில் அந்தப் போடு போட்ட ஹெவி மெட்டல் ராக் இசை தொண்ணூறுகளில் ஓரங்கட்டப்பட்டதற்கு நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது ஒப்பவில்லை. நிர்வானாவின் நெவர்மைண்ட் ஆல்பம் வந்தது 1991 செப்டம்பரில். அதற்கு ஒரு மாதம் முன்புதான் மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் கறுப்பு அட்டை ஆல்பம் வந்து, அமெரிக்காவில் வந்த வேகத்தில் முதலிடம் பிடித்தது. 1994ல் பான்டெரா என்ற மெட்டல் குழுவின் ஆல்பமும் அப்படியே, அதுவும் அவ்வளவு முரட்டு இசையோடு! கேட்க ஆள் இல்லாமல் போகவில்லையடா.

ஒழிந்தது வேறு ஒன்று, அலங்காரத்தை நம்பிய கிளாம் மெட்டல். 1983ல் குவயட் ரயட் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்குப் போனதும் இசைத்தட்டுக் கம்பெனிகள் லாஸ் ஏஞ்சலஸின் இசை விடுதிகள் நிறைந்த சன்செட் ஸ்ட்ரிப் தெருவில் இறங்கி, முடி வளர்த்து மை தீட்டிய பையன்களை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தன. பாட்டு வீடியோ காட்டும் எம்டிவி சேனலுக்குப் பார்க்க அழகான முகம் வேண்டும், ஆல்பத்துக்கு ஒரு உருக்கமான காதல் பாட்டு வேண்டும், எல்லாம் ஒரே அச்சு. வாரன்ட் குழு 1990ல் தங்கள் இரண்டாவது ஆல்பத்தை முடித்துக் கொடுத்தபோது, ஹிட்டாகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்று கம்பெனித் தலைவர் கேட்க, பாடகர் ஜானி லேன் ஒரு பீட்சா டப்பா மேலேயே 'செர்ரி பை' பாட்டை எழுதினார். கடைசியில் ஆல்பத்தின் பெயரே அதுவாக மாறிவிட்டது! அந்தப் பாட்டு பிற்பாடு அவருக்கே கசந்துபோனது. இப்படிக் காய்ச்சி ஊற்றினால் கேட்கிறவனுக்குச் சலிக்காதா? நிர்வானா வரும்போதே மரம் உள்ளே உளுத்திருந்தது.

அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்தது. 1992ல் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுவை விட்டு அதன் பாடகர் ஹால்ஃபோர்ட் போனார், 1993ல் அயர்ன் மெய்டன் குழுவை விட்டு அதன் பாடகர் டிக்கின்சன் போனார், 1995ல் எம்டிவி தன் ஹெட்பேங்கர்ஸ் பால் என்ற மெட்டல் நிகழ்ச்சியையே நிறுத்தியது. நல்ல சரக்கு டெத், பிளாக், டூம் என்ற மெட்டல் வகைகளாகக் கிளை பிரிந்து, தேடிப் போகிறவனுக்கு மட்டும் கிடைப்பதாகிவிட்டது.

நீ பதிந்து கொடுத்த மெய்டன் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏ பக்கத்தில் நாடா தீர்ந்து கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடுமே, ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கும் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்கும்போது அந்த இடம் வந்ததும் என் கை தானாகக் கேசட்டைத் திருப்பப் போகிறது.

பொங்கலுக்கு வா.

உன்,
ரவி