வரியைவிடத் தேதிதான் பயம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க இறக்குமதி வரி பற்றி எழுதும் எல்லாரும் சதவீதத்தையே பேசுகிறார்கள். கணினி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்தத் தேதிகள்தான் திகிலாக இருக்கின்றன. 2025 ஏப்ரல் 2 அன்று சீனப் பொருள்களுக்குக் கூடுதலாக 34 சதவீதம் என்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே போட்ட 20 சதவீதத்தோடு சேர்த்து 145. ஏப்ரல் 11 இரவு, ஸ்மார்ட்ஃபோனுக்கும் கணினிக்கும் மட்டும் பெரும்பகுதி விலக்கு. மே 14 முதல் அது 30 சதவீதம்!

ஆர்டர் கொடுத்த சரக்கு தயாராகி, கப்பலேறி, கடைக்கு வர மாதக்கணக்காகும். எந்த வரியை நம்பி விலை போடுவது? அந்த வரியைக் கட்டுவதும் சீனக்காரர் இல்லை, அமெரிக்காவில் உள்ள இறக்குமதியாளர்தான். அதுவும் சரக்கு விற்பதற்கு முன்பே.

நிண்டெண்டோ நிறுவனம் தன் ஸ்விட்ச் 2 வீடியோ கேம் கருவியின் முன்பதிவை அமெரிக்காவில் ஏப்ரல் 9இலிருந்து 24க்குத் தள்ளியது. கருவியின் விலையை விட்டுவிட்டுத் துணைப்பொருள்களில் ஏற்றியது. கெட்டிக்காரத்தனம்தான். ஃப்ரேம்வொர்க் நிறுவனமோ விலை குறைந்த சில லேப்டாப்களின் விற்பனையையே அங்கு நிறுத்தி வைத்தது. அவர்களுக்கே இந்தப் பாடு என்றால், ஒரே கன்டெய்னரில் பணத்தையெல்லாம் போட்டவர் கதி?

சரி, நாமும் சிரிக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று திடீரென அறிவித்து, மறுநாளே தள்ளிவைத்தவர்கள்தானே நாம். வரி எவ்வளவானாலும் போடட்டும். ஆறு மாதம் முன்னால் சொல்லிவிட்டுப் போட்டால் போதும்.

— ஒரு வாசகர், சென்னை